நோ டிரம்ப் என்றால் எந்த நோ டிரம்ப்? பிரிட்ஜ் பழகிய அனுபவம்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் சீட்டு என்றால் இருபத்தெட்டு. ஆள் கூடினால் ஐம்பத்தாறு. அந்தப் பழக்கத்தோடு பிரிட்ஜுக்கு வந்த நாலு பேர் நாங்கள். சீட்டு இறக்குவது சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. கேள்வி கேட்பதுதான், அதாவது சீட்டு இறக்குமுன் எத்தனை பிடி, எது துருப்பு என்று ஏலம் சொல்வதுதான், ஆளைத் தின்கிறது. அதிலும் நோ டிரம்ப், துருப்பே இல்லாமல் ஆடுகிறேன் என்ற கேள்வி.

யாரும் வாய் திறக்காத நேரத்தில் 1 நோ டிரம்ப் என்று தொடங்கினால் விஷயம் எளிது. கையில் 15 முதல் 17 புள்ளி, சீட்டு நாலு இனத்திலும் பரவலாக இருக்கிறது, அவ்வளவுதான். 4-3-3-3, 4-4-3-2, 5-3-3-2 இவைதான் பரவலான கை. ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1, கட்டு முழுக்க 40. இருபத்தெட்டில் ஜாக்கியைத் தலையில் வைத்துக் கொண்டாடியவர்களுக்கு, அது இங்கே ஒற்றைப் புள்ளியோடு நிற்பதைப் பார்க்க மனசே வரவில்லை! 20, 21 புள்ளி இருந்தால் 2 நோ டிரம்ப். இங்கிலாந்தின் ஏகால் முறையில் 1 நோ டிரம்புக்கு 12 முதல் 14 தான். எதிர் ஜோடி அதைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

அதே 1 நோ டிரம்பைப் பதிலாகச் சொன்னால் கதை வேறு. கூட்டாளி 1 இஸ்பேட் என்று தொடங்கியபின் நான் சொன்னால், 6 முதல் 10 புள்ளி, இஸ்பேட்டுக்கு ஆதரவில்லை, இரண்டாம் படிக்கு ஏறத் தெம்பும் இல்லை என்று பொருள். கை பரவலாகக்கூட இருக்க வேண்டியதில்லை. எதிராளி 1 ஆட்டின் என்றபின் குறுக்கே சொன்னாலோ, 15 முதல் 18 புள்ளி, ஆட்டினைத் தடுக்கச் சீட்டும் கையில் உண்டு. அங்கேயே 2 நோ டிரம்ப் என்று தாண்டினால் கிளாவரிலும் டைமனிலும் ஐந்தைந்து சீட்டு. அதைச் சொல்கிறவனுக்கு நோ டிரம்ப் ஆட ஆசையே கிடையாது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

4 நோ டிரம்பில்தான் வீடு இரண்டுபட்டது. மாமா 1 நோ டிரம்ப் தொடங்கினார். என் கையில் இஸ்பேட் ஏஸ், ராணி, 6. ஆட்டின் ராஜா, ஜாக்கி, 5. டைமன் ராஜா, 8, 7, 2. கிளாவர் ராஜா, 10, 4. மொத்தம் 16. ஆறு படிக்கு, அதாவது 13இல் 12 பிடி எடுக்க, இருவர் கையிலும் சேர்த்து 33 புள்ளி தேவை, அதனால் அவரிடம் 17 இருந்தால் போகலாம் என்று 4 நோ டிரம்ப் கேட்டேன். அவர் அதை ஏஸ் எத்தனை என்ற கேள்வியாக எடுத்துக்கொண்டு, இரண்டு இருக்கிறது என்று 5 ஆட்டின் சொன்னார். திரும்பி 5 நோ டிரம்பில் நிற்கவும் வழியில்லை, அவர் கணக்கில் அது ராஜா எத்தனை என்ற கேள்வி. வேறு வழியின்றி 6 நோ டிரம்ப், ஒரு பிடி குறைந்தது. அவரிடம் இருந்தது வெறும் 15.

"ஏனுங்க மாமா, துருப்பே பேசலியே, அப்புறம் ஏஸ் எதுக்குங்க?"

"4 நோ டிரம்ப்னா ஏஸ்தானே மாப்ளே, பிளாக்வுட் அப்படித்தானே சொல்லியிருக்காரு!"

ஈஸ்லி பிளாக்வுட் 1933இல் யோசித்த முறை அது. ஒரு துருப்பில் இருவரும் ஒத்துப்போன பிறகு அதற்கு வேலை உண்டு. கூட்டாளி நோ டிரம்ப் சொன்னதும் அதன்மேல் நேராகச் சொல்லும் 4 நோ டிரம்ப், 'உன் புள்ளி மேல்முனையில் இருந்தால் ஏறு, இல்லையென்றால் விடு' என்ற அழைப்பு. இரண்டு நாள் முறைத்துவிட்டு மாமா ஒப்புக்கொண்டார்.

இப்போது கேள்வி விழுந்ததும் எண்ணைப் பார்ப்பதில்லை. முன்னால் பேசியது யார், துருப்பு முடிவாகிவிட்டதா, இந்த இரண்டையும்தான் பார்க்கிறோம். பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடுகிறது.

எங்கள் ஊர்க்காரர்களுக்குச் செரிக்காத ஒன்று பாக்கி. இந்த அர்த்தம் எதையும் ஒளித்து வைக்கக் கூடாது. எதிராளி கேட்டால் கூட்டாளி விளக்கியாக வேண்டும். வேடிக்கை பார்க்க வந்த சித்தப்பா, "அப்படின்னா அதுல என்ன ஆட்டம்?" என்று எழுந்து போய்விட்டார். அடுத்து ஸ்டேமன், 1 நோ டிரம்புக்கு 2 கிளாவர் சொல்லி நாலு சீட்டு ஆட்டினோ இஸ்பேட்டோ இருக்கிறதா என்று விசாரிக்கும் முறை. மாமா இன்னும் அதைக் கிளாவர் என்றேதான் நம்புகிறார்.