கார்த்திகையில் ஊன்றி மாசியில் கொட்டும் மாடி உருளைக்கிழங்கு

சமவெளியில், அதுவும் மாடியில் வைத்த செடிப் பையில், உருளைக்கிழங்கு வராது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். வரும். ஆனால் வருடத்துக்கு ஒரே ஒரு வாய்ப்புதான், அதுவும் இரவுக் குளிர் கொடுக்கிற வாய்ப்பு. இந்தச் செடி பகலில் இலையில் சமைத்ததை இரவில் கிழங்குக்கு இறக்குகிறது. இரவு வெப்பம் 20 டிகிரிக்கு மேல் போகப் போகக் கிழங்கு பிடிப்பது குறையும். சமைத்ததைச் செடி மூச்சுக்கும் தழைக்குமே செலவழித்துவிடும். மேலே காடு மாதிரிப் பச்சை, கீழே கோலிக்குண்டு. மார்ச்சில் ஊன்றியவர்கள் எல்லாரும் பார்த்திருக்கும் காட்சி இது.

ஆகவே நாளைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். ஊன்றி 30 முதல் 35 நாளில் கிழங்கு பிடிக்கத் தொடங்கும், அடுத்த 40 நாள் பருக்கும். நம் ஊரில் இரவு குளிர்வது மார்கழியும் தையும். அப்படியென்றால் ஊன்ற வேண்டியது ஐப்பசிக் கடைசியிலிருந்து கார்த்திகை முதல் பத்து நாளுக்குள், அதாவது நவம்பர் 12 முதல் 25 வரை. வட இந்தியக் காணொளிகளைப் பார்த்து அக்டோபர் தொடக்கத்தில் ஊன்றினால், வடகிழக்குப் பருவமழையில் விதைக்கிழங்கு பைக்குள்ளேயே அழுகிவிடும். டிசம்பர் பாதியைத் தாண்டினால் பருக்கும் நேரத்தில் மாசி வெயில் வந்துவிடும். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் இருப்பவர்களுக்கு இது சுலபம். கோயம்புத்தூரில் சுமாராக வரும். சென்னையில் ஜனவரி இரவுகூட 20, 21 டிகிரியில் நிற்பதால், விளைச்சல் அதைவிடக் குறைவுதான் என்று தெரிந்தே இறங்க வேண்டும். வெப்பம் தாங்குவதற்கென்றே சிம்லா மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட குஃப்ரி சூர்யா கிடைத்தால் விடாதீர்கள். பெரும்பாலும் கிடைக்காது, கடைக் கிழங்குதான் கதி.

கடைக் கிழங்கிலும் பார்த்து எடுக்க வேண்டியது உண்டு. பெருவிரலால் அழுத்தித் தேயுங்கள். தோல் உரிந்து வந்தால் புதுக் கிழங்கு, இன்னும் உறக்கத்தில் இருக்கிறது. இரண்டு மாதம் ஆனாலும் முளைக்காமல் உட்கார்ந்திருக்கும். அக்டோபரில் வரும் ஊட்டிக் கிழங்கு பல சமயம் இந்த ரகம். தவிர, நீலகிரி மண்ணில் 1961-லேயே முட்டைக்கூட்டு நூற்புழு (உருளைக்கிழங்கு வேரைத் தாக்கும் நுண்ணிய மண்புழுவல்லாத நூல் போன்ற புழு) கண்டுபிடிக்கப்பட்டது. அங்கிருந்து விதைக்கிழங்கை வெளியே கொண்டுபோகத் தடையும் இருக்கிறது. ஊட்டிக் கிழங்கைச் சாப்பிடுங்கள், ஊன்றாதீர்கள். நமக்கு வேண்டியது கடைக்காரர் ‘ஆக்ரா’ என்று சொல்லும் பழைய கிழங்கு. பிப்ரவரி, மார்ச்சில் தோண்டிக் குளிர்பதனக் கிடங்கில் வைத்தது, உறக்கம் கலைந்து தயாராக இருக்கும். லேசாகச் சுருங்கிய தோல் நல்ல அடையாளம். சில கிழங்குக்கு முளை தடுக்கும் மருந்து போட்டிருப்பார்கள். அதில் கண்கள் கடுகளவு துருத்திக் கொண்டு நுனி கறுத்து நின்றுவிடும். அக்டோபர் கடைசி வாரமே இரண்டு கடையில் அரைக்கிலோ, அரைக்கிலோ வாங்கிச் சோதித்துவிடுவது நல்லது.

ஒவ்வொன்றும் 40 முதல் 50 கிராம், அதாவது நாட்டுக்கோழி முட்டை அளவு. முட்டை அட்டையில் கண்கள் அதிகம் இருக்கும் பக்கம் மேலே வரும்படி நிறுத்தி, வெயில் படாத ஆனால் வெளிச்சமான ஜன்னலோரம் 2 முதல் 3 வாரம் வையுங்கள். முளை ஒரு சென்டிமீட்டரில், தடித்துக் குட்டையாக, பச்சையும் ஊதாவும் கலந்து இருக்க வேண்டும். இருட்டுக் கூடையில் வைத்தால் வெள்ளையாக நீண்டு, தொட்டாலே ஒடியும்.

பெரிய கிழங்கை நறுக்கி ஊன்றலாமா? குளிர்ந்த மண்ணில் நறுக்கிய முகம் ஆறிவிடும். நம் மண் நவம்பரிலும் 26, 27 டிகிரியில் ஈரமாக இருக்கிறது. காயம் ஆறுவதற்குள் அழுகல் முந்திக்கொள்ளும். முழுக் கிழங்கே கிடைக்கவில்லை என்றால் மட்டும் துண்டுக்கு 2 கண் விட்டு நறுக்கி, வெட்டுமுகத்தில் சாம்பல் தொட்டு, நிழலில் 2 நாள் காயவைத்து ஊன்றுங்கள்.

பை 15க்கு 15 அங்குலம், வெள்ளை நிறம். ஒரு பைக்கு 2 கிழங்கு போதும். மூன்று வைத்தால் எண்ணிக்கை கூடும், அளவு சிறுத்துவிடும். செம்மண், கழுவிய தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றும் சம பங்கு. பைக்கு 100 கிராம் வேப்பம் புண்ணாக்கு, 50 கிராம் எலும்புத்தூள். மக்காத சாணமும் கூடாது, சாம்பலை அள்ளிக் கொட்டுவதும் கூடாது. சாம்பல் மண்ணைக் காரமாக்கும். கார மண்ணில் கிழங்குத் தோல் சொறிபிடித்துத் தக்கை மாதிரி வெடிக்கும். உப்புத் தண்ணீர் போர்வெல்காரர்கள் சாம்பல் பக்கமே போக வேண்டாம்.

பை வாயைப் பாதிவரை மடித்துவிட்டு 5 அங்குலம் மண் போட்டு, முளை மேலே பார்க்கக் கிழங்கை வைத்து, 3 அங்குலம் மூடுங்கள். 10 முதல் 14 நாளில் செடி வெளியே வரும். அரையடி உயர்ந்ததும் 3 அங்குலம் மண் அணைக்க வேண்டும். 12 நாள் கழித்து இன்னொரு முறை. ஆள் உயரத்துக்குப் பை அடுக்கி மண் நிரப்பினால் மாடி மாடியாகக் கிழங்கு காய்க்கும் என்று சொல்வதை நம்பாதீர்கள். கிழங்கு பிடிக்கும் ஓடுதண்டுகள் விதைக்கிழங்குக்குச் சற்று மேலே, சில அங்குலத்துக்குள்தான் கிளம்புகின்றன. மண் அணைப்பது முக்கியமாக வெளிச்சத்தை மறைக்க. வெளிச்சம் பட்ட கிழங்கு பச்சையாகி நஞ்சு ஏறும். மண் வெடிப்பு வழியே அந்துப்பூச்சி கிழங்கின் கண்ணில் முட்டையிடுவதும் நிற்கும். தை மாதம் மேல்மண் விரிசல் விடாமல் பார்த்துக்கொள்வதற்குக் காரணம் இந்தப் பூச்சிதான்.

தண்ணீரில்தான் பெரும்பாலோர் கோட்டைவிடுகிறார்கள். விரலை 2 அங்குலம் விட்டுப் பாருங்கள், ஒட்டாவிட்டால் ஊற்றுங்கள். முளை வெளியே வரும்வரை ஈரம் போதும், நனையவே கூடாது. புயல் மழை அறிவிப்பு வந்தால் பையைச் செங்கல் மேல் ஏற்றி, தார்ப்பாய்க்குக் கீழே தள்ளிவிடுங்கள். நீர் தேங்கிய பையின் கிழங்கைப் பார்த்தால் தோல் முழுக்க வெள்ளை வெள்ளையாக அரிசிக் குருணை ஒட்டியது போலப் புள்ளிகள் புடைத்திருக்கும். காற்றில்லாமல் சுவாசத் துளைகள் வாய் பிளந்ததுதான் அது. அப்படியே விட்டால் அந்தத் துளை வழியே அழுகல் நுழையும். 30-ஆம் நாளிலிருந்து 45-ஆம் நாள் வரை மட்டும் ஒரு நாளும் காயவிடக்கூடாது. கிழங்கு பிடிக்கும் அந்த இரண்டு வாரத்தில் காய்ந்தால் எண்ணிக்கையும் போகும், சொறியும் சேரும்.

மாடியில் மேற்கு வெயில் பையின் பக்கவாட்டைச் சுடும். பைகளை நெருக்கி வைத்து, மேற்கு ஓரத்தில் தென்னங்கீற்றோ சாக்கோ சாத்திவிடுங்கள். மேலே காய்ந்த சருகு 2 அங்குலம் பரப்பினால் மண் சூடு நன்றாகக் குறையும்.

பஞ்சகவ்யா லிட்டருக்கு 30 மில்லி, 15 நாளுக்கு ஒருமுறை. மீன் அமிலம் (மீன் கழிவையும் வெல்லத்தையும் ஊறவைத்த கரைசல்) கொடுப்பவர்கள் அதை 40-ஆம் நாளோடு நிறுத்துங்கள், அதற்குமேல் தழைச்சத்து தழைக்கு மட்டுமே உதவும். அசுவினிக்கு வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, சோப்புக் கரைசலோடு, மாலையில். பழைய இலையில் வட்டத்துக்குள் வட்டமாகப் பழுப்புப் புள்ளி வந்தால் முன்பருவ இலைக்கருகல். அந்த இலைகளைக் கிள்ளி எறிந்துவிட்டு, தண்ணீரை இலையில் படாமல் ஊற்றினால் பெரும்பாலும் சமாளிக்கலாம்.

சமாளிக்க முடியாதது பாக்டீரியா வாடல். இலை பச்சையாக இருக்கும்போதே செடி மத்தியானம் தொங்கும், மாலை நிமிரும், மூன்றாம் நாள் எழாது. தண்டை அடியில் வெட்டி ஒரு கண்ணாடித் தம்ளர் நீரில் தொங்கவிடுங்கள். வெட்டுவாயிலிருந்து பால் நூல் மாதிரி இழை இறங்கினால் சந்தேகமே வேண்டாம். பையோடு மண்ணை அப்புறப்படுத்துங்கள். தக்காளி, கத்தரி, மிளகாய் எதற்கும் அந்த மண் ஆகாது.

80-ஆம் நாள் வாக்கில் இலை மஞ்சளாகும். தண்ணீரை நிறுத்தி, தழையை அடியோடு அறுத்துவிட்டு 10 நாள் பொறுங்கள். இந்த 10 நாளில்தான் தோல் கெட்டிப்படுகிறது. பிறகு பையைத் தார்ப்பாயில் கவிழ்த்துக் கொட்டுங்கள். ஓசூர்க் குளிரில் பைக்கு ஒரு கிலோ நல்ல விளைச்சல், கோவையில் அரைக்கிலோ. கழுவாமல் நிழலில் ஒரு வாரம் உலர்த்திச் சாக்கில் போட்டு இருட்டில் வையுங்கள். மாசி வெயில் ஏறுவதால் ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. ஃப்ரிட்ஜில் வைத்தால் மாவு சர்க்கரையாகி, வறுவல் வேகும் முன்பே கறுத்துவிடும்.