எடை அதேதான்

ஜூன் 4
கடலூர் பாடலீஸ்வரர் கோயில் பிராகாரத்தில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கப் பட்ட பாடு! ஒரு பையன் “தாத்தா, கையக் கொடுங்க” என்றான். 64 வயதுக்கு அந்தத் தாத்தா நியாயம்தான். கை கொடுத்ததுதான் உறுத்துகிறது.

ஜூன் 6
மஞ்சக்குப்பத்தில் எடை போட்டேன். 68 கிலோ. தபால் பையோடு என் டெலிவரி வட்டாரம் முழுக்க சைக்கிள் மிதித்த காலத்திலும் இதே 68. ஆனால் பழைய பேன்ட் இடுப்பில் ஏற மறுக்கிறது, தொடையில் தொளதொள. பெல்ட்டில் ஆணி அடித்துப் புது ஓட்டை போட்டாயிற்று.

ஜூன் 11
டாக்டர் டேப் வைத்தார். இடுப்பு 97 செ.மீ. நம்மூர் ஆண்களுக்கு 90-ஐத் தாண்டக்கூடாதாம். “சதை போன இடத்துல கொழுப்பு வந்து உட்கார்ந்துடுச்சு. மிஷினுக்கு ரெண்டும் ஒண்ணுதான்” என்றார்.

முப்பதுக்கு மேல் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் தசை போகுமாம். அறுபதுக்கு மேல் இன்னும் வேகம். சும்மா உட்கார்ந்தே இருந்தால் கேட்கவே வேண்டாம். பலமோ தசையைவிடச் சீக்கிரம் குறைகிறது. சட்டென்று இழுக்கும் தசை இழைகள்தான் முதலில் போகின்றன. படியில் கால் இடறினால் சமாளிக்க முடியாதது அதனால்தான்.

கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொன்னார். 12 நொடிக்குள் முடிக்க வேண்டும். எனக்கு 17.

ஜூன் 13
சில்வர் பீச் நடையே போதும் என்று இறுமாந்திருந்தேன். நடை இதயத்துக்கு நல்லது, தசை வளர பளு வேண்டும் என்கிறார். 1990-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பாஸ்டனில் தொண்ணூறு வயதுக்காரர்களை எட்டு வாரம் பளு தூக்க வைத்தார்களாம். கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியதாம். அவர்களைவிட நான் இளைஞன்!

ஜூன் 17
மீன்பிடித் தடைக்காலம் 14-ஆம் தேதியோடு முடிந்தது, விசைப்படகுகள் கிளம்பிவிட்டன. மத்தி வாங்கினேன். என் எடைக்கு நாளுக்கு 70, 80 கிராம் புரதம் வேண்டுமாம். காலை நாலு இட்லியில் எட்டு கிராம் தேறினால் அதிகம். அப்புறம் எப்படி?

ஜூலை 9
நாற்காலிப் பயிற்சி நான்கு வாரம். 14 நொடி. எடை? அதே 68.

“நாற்காலி உடையப் போவுது” என்ற மனைவியிடம், நீ செய்து காட்டு என்றேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பத்து நொடி. மூச்சுகூட வாங்காமல், தரையில் சப்பணமிட்டு மறுபடி அரிவாள்மனை முன் உட்கார்ந்துவிட்டாள்.