தறிகள் நின்ற பிறகு கேட்ட ஒலி

எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஓடிக்கொண்டிருந்த ஆறு விசைத்தறிகளையும் 2018ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் பழைய இரும்பு விலைக்கு எடைபோட்டுக் கொடுத்தோம். பள்ளிபாளையத்தில் அந்த ஓரிரு ஆண்டுகளில் அவ்வாறு தறிகளைக் கைவிட்ட குடும்பங்கள் பல. லாரி கிளம்பிச் சென்ற அன்றிரவு, 1993இல் மணமாகி அந்த வீட்டுக்குள் நுழைந்த நாளிலிருந்து நான் அறியாத ஓர் அமைதி அங்கே நிலவியது. படுத்துச் சற்று நேரம் ஆனதும், என் இரு காதுகளிலும், இடக்காதில் சற்றுக் கூடுதலாக, சில்வண்டுகள் கூட்டமாகக் கத்துவதைப் போன்ற ஒலி எழுந்தது. தெருவிலிருந்து வருவதாக எண்ணி எழுந்துபோய்ச் சன்னலைச் சாத்தினேன். ஒலி குறைவதற்கு மாறாகக் கூடியது. அது எனக்குள்ளிருந்து வருகிறது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

உண்மையில் அது அன்று பிறந்த ஒலி அன்று. 2012ஆம் ஆண்டு வாக்கில் நாளொன்றுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு இருந்த காலத்தில், ஆறு தறிகளும் ஒரே கணத்தில் நின்றுபோகும்போது காதுக்குள் "ஙொய்" என்று ஓர் இரைச்சல் கேட்கும். பத்துப் பதினைந்து நிமிடங்களில் அடங்கிவிடும். தறி ஓட்டும் எல்லோருக்கும் அது உண்டு என்பதால் அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதுகூட இல்லை. பேரொலியில் இருந்துவிட்டு வெளியே வரும்போது சிறிது நேரம் கேட்கும் அந்த இரைச்சல், உட்செவி களைத்துப்போயிருக்கிறது என்பதற்கான எச்சரிக்கை என்று எவரேனும் அப்போது சொல்லியிருந்தால் என் கதை வேறாக இருந்திருக்கலாம் என்று இன்றும் எண்ணுகிறேன்.

முதல் சில மாதங்கள் நான் செய்தவை பெரும்பாலும் தவறானவை. பூண்டு காய்ச்சிய நல்லெண்ணெயை வெதுவெதுப்பாகக் காதில் விட்டேன். செவிப்பறையில் ஓட்டை இருப்பவர்களுக்கு அது பெரும் தீங்கு விளைவிக்கும் என்பதும், என் நோய் இருந்த இடத்துக்கு எண்ணெய் போய்ச் சேரவே சேராது என்பதும் பிறகுதான் தெரிந்தன. பக்கத்து வீட்டுக் கல்யாண மேளத்துக்குப் பயந்து காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு அறைக்குள் அமர்ந்திருந்தேன். அமைதி கிடைத்தால் குணமாகும் என்ற உறுதியான நம்பிக்கையில், கொல்லிமலை அடிவாரத்தில் உள்ள என் தாய்வீட்டுக்குச் சென்று இரண்டு வாரங்கள் தங்கினேன். தோட்டத்து வீடு, இரவு எட்டு மணிக்கெல்லாம் ஊர் அடங்கிவிடும். வெளியே கத்தும் சில்வண்டு எது, எனக்குள் கத்துவது எது என்று பிரித்தறிய முயன்றே பல இரவுகள் விடிந்தன. அந்தப் பதினான்கு நாட்களைப் போலத் துயரமான காலம் இந்த நோயில் எனக்கு வேறு இல்லை. அமைதியைத் தேடித் தேடி நானே நோய்க்கு இடம் அமைத்துக் கொடுத்திருக்கிறேன் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.

முதலில் பார்த்த காது மூக்கு தொண்டை மருத்துவர், விளக்கடித்துக் காதைப் பார்த்துவிட்டு, அழுக்கும் இல்லை, சீழும் இல்லை, வயதானால் வருவதுதான், பழகிக்கொள்ளுங்கள் என்றார். பி12 மாத்திரையும் கிங்கோ என்ற இலைச்சாற்று மாத்திரையும் மூன்று மாதங்களுக்கு எழுதிக் கொடுத்தார். உண்டேன்; பயனில்லை. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் அமைப்பு 2014இல் வெளியிட்ட நெறிமுறையில், நீடித்த காதிரைச்சலுக்குக் கிங்கோவையோ துத்தநாகத்தையோ பிற துணை உணவுகளையோ பரிந்துரைக்க வேண்டாம் என்றே கூறப்பட்டிருப்பதைப் பிற்பாடு அறிந்தேன். செலவான பணத்தைவிட, "பழகிக்கொள்ளுங்கள்" என்ற சொல்தான் என்னை அதிகம் வருத்தியது. அது பொய்யான சொல் அன்று. எப்படிப் பழகுவது என்பதைச் சொல்லாமல் அதை மட்டும் நோயாளியின் கையில் கொடுத்து அனுப்புவது பெரும் கொடுமை.

2019 பிப்ரவரியில் ஈரோட்டில் வேறொரு மருத்துவரைப் பார்த்தோம். அவர் நெடுநேரம் கேட்டறிந்தார். இரைச்சல் நாடித்துடிப்போடு சேர்ந்து துடிக்கிறதா, தலைசுற்றல் உண்டா, காசநோய்க்கு ஊசி போட்டதுண்டா, வலி மாத்திரைகளை நாட்கணக்கில் விழுங்கியதுண்டா என்று ஒவ்வொன்றாக வினவினார். ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற சில ஊசி மருந்துகளும், மிகுந்த அளவில் உட்கொள்ளப்படும் ஆஸ்பிரினும் காதிரைச்சலை உண்டாக்கக்கூடியவை. துடிப்போடு சேர்ந்து கேட்டால் இரத்தக் குழாய்களைப் பார்க்க வேண்டும் என்றும், ஒரே நாளில் ஒரு காது மந்தமாகி இரைச்சல் தொடங்கினால் அன்றே மருத்துவரிடம் ஓட வேண்டும், அதற்கான மருந்து முதல் சில நாட்களில்தான் நன்கு வேலை செய்யும் என்றும் அவர் சொன்னவற்றை, இதைப் படிப்பவர்களுக்கு உதவும் என்பதால் இங்கே எழுதுகிறேன். எனக்கு இடக்காதில் கூடுதலாகக் கேட்டதால், கேட்கும் நரம்பில் கட்டி ஏதும் உள்ளதா என்று அறிய எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்.

ஸ்கேன் அறையில், படுப்பதற்கு முன்பாக, அங்கிருந்த பணியாளர் இரண்டு சிறிய பஞ்சுரப்பர் அடைப்பான்களை என் கையில் கொடுத்து, "உள்ள சத்தம் ஜாஸ்தியா இருக்கும், காதுல வச்சுக்குங்கம்மா" என்றார். அரை மணி நேரச் சத்தத்துக்காக என் காதைக் காக்க வேண்டும் என்று ஒருவர் நினைத்தார். இருபத்தைந்து ஆண்டுகள் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் தறிகளின் நடுவே நின்றபோது அதை எவரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. அந்த இயந்திரத்துக்குள் படுத்தபடி நான் அழுதது கட்டியை நினைத்து அன்று.

கட்டி இல்லை. அதன் பிறகு கோயம்புத்தூரில் ஒரு செவித்திறன் வல்லுநரிடம் அனுப்பினார்கள். என் மகள் வயதுடைய பெண். ஒலி புகாத சிறிய அறையில் அமர்த்தி, தலையில் ஹெட்போனை மாட்டி, சன்னமான ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். எனக்கு வந்த குழப்பம், கேட்பது அவருடைய ஒலியா என்னுடைய ஒலியா என்பது. அதைச் சொன்னதும் விட்டுவிட்டு ஒலிக்கும்படி மாற்றித் தந்தார். முடிவில் ஒரு தாளில் வரைபடத்தைக் காட்டினார். 500, 1000 ஹெர்ட்ஸ் ஆகிய தாழ்ந்த சுருதி ஒலிகளில் என் செவித்திறன் ஏறக்குறைய இயல்பாக இருந்தது. 4000 ஹெர்ட்ஸ் இடத்தில் கோடு கிணற்றுக்குள் இறங்குவதுபோல் இடக்காதில் 60 டெசிபல் (ஒலியின் வலிமையை அளக்கும் அலகு) வரை இறங்கி, 8000இல் மீண்டும் சற்று மேலேறியது. பேரொலியால் கெட்ட காதுக்கு அதுதான் அடையாளம் என்றார். என் பிள்ளைகள் "கடை" என்பதை நான் "தடை" என்று கேட்டதற்கும், அம்மா கவனிப்பதே இல்லை என்று அவர்கள் கோபித்துக்கொண்டதற்கும் காரணம் அந்தப் பள்ளத்தில் இருந்தது.

நத்தைச் சுருளைப் போன்ற உட்செவியில் காதொன்றுக்குச் சுமார் 15,000 நுண்ணிய மயிர்ச்செல்கள் இருக்கின்றன. அழிந்தால் பறவைகளுக்கு அவை மீண்டும் வளரும், மனிதருக்கு வளர்வதில்லை. ஊடுநூலைக் கொண்டுசெல்லும் நாடா இருபுறமும் அடிபட்டுப் பாயும் பழைய தறிகளின் கூடத்தில் ஒலி 95 டெசிபலுக்கும் மேல் போகும். அதில் என் மயிர்ச்செல்கள் ஒரு பகுதி அழிந்துபோக, அங்கிருந்து செய்தி வராததைக் கண்ட மூளை தன் ஒலியளவைத் தானே கூட்டிக்கொண்டது. தொலைவிலுள்ள வானொலி நிலையம் சரியாகக் கிடைக்காதபோது ஒலியைக் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து கூடுமே, அதைப் போன்றது இது என்று அந்தப் பெண் விளக்கினார். பிறகு என் இரைச்சலையே அளந்தார். வெவ்வேறு ஒலிகளைக் கேட்கச் செய்து, எது ஒத்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டே வந்தபோது அது 6000 ஹெர்ட்ஸ் அளவில் பொருந்தியது. அதன் வலிமையோ, என் காது கேட்கும் எல்லைக்கு மேல் வெறும் 7 டெசிபல். தறிக்கூடத்தையே தலைக்குள் சுமக்கிறேன் என்று நான் எண்ணியிருந்தது, மெல்லக் கிசுகிசுப்பதைவிடச் சிறிய ஒலி. அளவு சிறிதென்றால் வேதனை மட்டும் ஏன் இத்தனை பெரிது என்று கேட்டேன்.

அதற்கு அவர் என்னைத் திருப்பிக் கேட்டார்: "தறி ஓடும்போது நீங்க எப்படித் தூங்குனீங்கம்மா?"

நன்றாகத் தூங்குவேன் என்றேன். இரவு ஷிப்டில் என் கணவர் தறி ஓட்டும்போது, சுவருக்கு இந்தப் பக்கம் கைக்குழந்தையோடு உறங்கியிருக்கிறேன். ஒரு தறி நின்றால் மட்டும் விழிப்பு வந்துவிடும். "அந்தச் சத்தம் ஆபத்து இல்லைன்னு உங்க மூளைக்குத் தெரியும். நின்னாத்தான் வேலை கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். இந்தச் சத்தத்தை மட்டும் ஆபத்துன்னு நினைச்சுக்கிட்டு ராத்திரி பகலாக் காவல் காக்குது. தறிச் சத்தத்துக்குச் சொல்லிக் கொடுத்த மாதிரி இதுக்கும் சொல்லிக் கொடுக்கணும்" என்றார். பாவெல் யாஸ்ட்ரெபாஃப் என்ற அறிஞர் 1990இல் முன்வைத்த கொள்கையின் சாரம் அது என்பதைப் பிற்பாடு வாசித்து அறிந்தேன். ஒரு தறிக்காரிக்குப் புரியும்படி அதைச் சொன்ன அந்தப் பெண்ணுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். கேட்கும் திறன் இயல்பாக இருந்த 80 பேரை ஒலி புகாத அறையில் அமர வைத்தபோது அவர்களில் 94 விழுக்காட்டினர் ஏதேனும் ஓர் ஒலியைக் கேட்டதாகக் கூறிய, 1953இல் வெளிவந்த ஓர் ஆய்வையும் அவர் சொன்னார். முழு அமைதியில் ஏறத்தாழ எல்லோருக்கும் ஏதோ ஒன்று கேட்கும் என்பது எனக்குப் பெரும் ஆறுதலாக இருந்தது.

அவர் இட்ட முதல் கட்டளை, இனி அமைதியில் இருக்கக் கூடாது என்பது. படுக்கும்போது மின்விசிறியையும், மழை பெய்யும் ஒலியைக் கைப்பேசியிலும் ஓடவிட வேண்டும்; ஆனால் அது இரைச்சலை மூழ்கடிக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்து கேட்க வேண்டும், மழை ஒரு படி தாழ்ந்தே இருக்க வேண்டும். முழுவதும் மறைத்துவிட்டால் மூளைக்குப் பழக எதுவும் இருக்காதாம். இது எளிதாகத் தோன்றினாலும் முதல் மாதம் என் கை தானாகவே ஒலியைக் கூட்டப் போய்விடும். இரண்டாவது, இரண்டு காதுகளுக்கும் கேட்கும் கருவி. இரண்டுக்கும் சேர்த்து 46,000 ரூபாய் ஆயிற்று, மகளின் சேமிப்பிலிருந்து கொடுத்தாள். கருவியை மாட்டிக்கொண்ட அன்று, அடுப்பில் கடுகு பொரியும் ஒலியைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு கேட்டேன். வெளியொலி உள்ளே வரவும் பகல் நேரத்தில் இரைச்சல் தானே பின்னால் ஒதுங்கியது.

இரவுகளுக்கும் அச்சத்துக்கும் அது போதவில்லை. எட்டு வாரங்கள் ஓர் உளவியலாளரிடம் சென்றேன். மனநோய் என்று ஊரார் சொல்வார்களே என்று முதலில் தயங்கினேன். அந்தத் தயக்கத்தில் மூன்று மாதங்கள் வீணாயின. இரைச்சல் கூடும்போது மனத்தில் ஓடும் எண்ணத்தை அப்படியே நோட்டில் எழுதச் சொன்னார். "இது இப்படியே கூடிக்கொண்டே போய்ப் பைத்தியமாகிவிடுவேன்" என்று பதினொரு முறை எழுதியிருந்தேன். அதற்குச் சான்று என்ன, எதிர்ச்சான்று என்ன என்று அருகில் எழுத வைத்தார். உறக்கம் வராமல் இருபது நிமிடங்களுக்கு மேல் புரண்டுகொண்டிருக்காமல், எழுந்து வேறு அறைக்குச் சென்று பூத்தொடுத்துவிட்டு வரும்படி பழக்கினார். தொடக்கத்தில், இரைச்சல் எவ்வளவு வருத்துகிறது என்பதை அளக்கும் 25 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை நிரப்பியபோது நூற்றுக்கு 66 என்று வந்தது, அது கடுமையான நிலை. ஓராண்டு கழித்து அதே படிவத்தில் 26. இரைச்சலை மீண்டும் அளந்தபோது அது அதே 6000 ஹெர்ட்ஸில், ஏறத்தாழ அதே வலிமையில்தான் இருந்தது.

இடையில் சறுக்கல்களும் உண்டு. 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கின்போது பள்ளிபாளையம் முழுவதும் தறிகள் நின்றன. தெருவில் ஒரு நாடாச் சத்தம் இல்லை. மூன்றாம் நாள் சில்வண்டுகள் முழு வலிமையோடு திரும்பிவிட்டன என்று தோன்றியது. நோட்டை எடுத்தேன், மழையைப் போட்டேன், கருவியை மாட்டிக்கொண்டு முறத்தில் அரிசி புடைத்தேன். பத்து நாட்களில் அடங்கியது. என் கணவர் மருத்துவமனையில் இருந்தபோது இன்னும் அதிக நாட்கள் பிடித்தது. உறக்கம் கெட்டால் அது கூடும் என்பதை இப்போது அறிந்திருப்பதால், கூடும்போது புது நோய் வந்ததாக எண்ணி நடுங்குவதில்லை.

ஒன்றை மட்டும் என்னால் இன்னும் ஆற்றிக்கொள்ள முடியவில்லை. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்ற வரம்பு தொழிற்சாலை விதிகளில் இருந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், பேரொலியால் வரும் செவித்திறன் இழப்பை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்நோய்களின் பட்டியலிலேயே வைத்திருந்தது. ஆயினும் மின்விசையைப் பயன்படுத்திப் பத்துப் பேராவது வேலை செய்யும் இடமே அந்தச் சட்டத்தின்படி தொழிற்சாலையாக இருந்தது. கணவனும் மனைவியும் ஓர் ஆளும் ஓட்டும் எங்கள் பின்கட்டுத் தறிக்கூடம் அதன் கண்ணில் படவே இல்லை.

என் கொழுந்தனார் வீட்டில் இன்னும் பன்னிரண்டு தறிகள் ஓடுகின்றன. அவர் மகனுக்கு இருபத்தாறு வயது. சென்ற ஆண்டு அவனை வற்புறுத்தி அழைத்துச் சென்று செவித்திறன் பரிசோதனை செய்ய வைத்தேன். 4000 ஹெர்ட்ஸ் இடத்தில் கோடு சற்றே தாழ்ந்திருந்தது, இன்னும் பள்ளமாகவில்லை. அடைப்பானை விரல்களுக்கிடையே மெல்லிய திரியாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு அது விரியும் வரை விரலால் பிடித்திருக்க வேண்டும் என்று அவனுக்கும் அவன் மனைவிக்கும் நானே செய்து காட்டினேன். நாடா தடுமாறும் ஒலி கேட்காமல் போய்விடுமே பெரியம்மா என்று அவன் அஞ்சினான். இரண்டு வாரம் மட்டும் போட்டுப் பார், கேட்காவிட்டால் கழற்றிவிடு என்றேன். மூன்றாம் வாரம் போனபோது இருவர் காதிலும் அடைப்பான் இருந்தது. தறி தவறினால் காலுக்குக் கீழே தரையின் அதிர்விலேயே முதலில் தெரிந்துவிடுகிறது என்று, தறிச் சத்தத்தின் நடுவே கைச்சாடையில் அவன் எனக்குச் சொன்னான்.