கேட்டு மூடியிருந்த நேரத்துப் பாட்டு

வடசென்னை கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் மாட்டியவர்களுக்குத் தெரியும், ஒரு பாட்டு எவ்வளவு சின்னது என்று. ஒரு சரக்கு ரயில் போகும். திறந்துவிடுவான் என்று வண்டியை ஸ்டார்ட் செய்தால் எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொன்று வரும். பழைய பாட்டு மட்டும் போடுகிற ஒரு எப்.எம்.மில் 6 வருஷம் இரவு ஷோ செய்தேன். எனக்கு அதிகம் போன் வந்தது அந்தக் கேட்டிலிருந்துதான். "தலைவா, கேட்டு மூடிக்கினு கீது. நீட்டா ஒண்ணு போடு." நானும் போடுவேன். தண்டையார்பேட்டைக்காரன், அந்த அவஸ்தை தெரியாதா?

அப்புறம் பாட்டுப் பட்டியல் மும்பையிலிருந்து வர ஆரம்பித்தது. ஒவ்வொரு மணிக்கும் ஒரு 'க்ளாக்'. எத்தனையாவது நிமிஷத்தில் எந்த ரகப் பாட்டு, ஒரே பாடகர் எவ்வளவு நேரம் கழித்துத் திரும்ப வரலாம் என்பதையெல்லாம் சாப்ட்வேர் பார்த்துக்கொள்ளும். பாட்டுக்கு நடுவில் நான் பேசுகிற 'லிங்க்' 40 விநாடி. இதைக் குறை சொல்ல மாட்டேன். என் இஷ்டத்துக்கு விட்டிருந்தால் தினமும் பி.பி.ஸ்ரீனிவாஸையே போட்டு ஸ்டேஷனை மூடியிருப்பேன்.

பாட்டைத் தேர்ந்தெடுத்த விதம்தான் உறுத்தியது. கேட்பவர்களை வாராவாரம் அளந்த 'ராம்' கணக்கெடுப்பு மும்பை, டெல்லி, பெங்களூரு, கொல்கத்தாவோடு சரி. சென்னைக்குக் கிடையாது. அதனால் எங்களுக்கு ஹால் டெஸ்ட்தான் வேதம். நகரத்து நடுவில் ஒரு ஏ.சி. ஹாலில் ஆட்களை உட்கார வைத்து, பாட்டுக்கு ஏழெட்டு விநாடித் துண்டு போட்டு மார்க் வாங்குவார்கள். எம்.ஜி.ஆர். மீனவராக நடித்த 'படகோட்டி' பாட்டுகள் அதில் பெயிலாகிவிட்டன. 1964 படம், ரொம்பப் பழசாம். ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகெல்லாம் கரையோரம் நிற்க, காசிமேட்டில் வலையைப் பிரித்துப் போட்டுத் தைத்துக்கொண்டிருப்பார்கள். அங்கே போய் அதே துண்டைப் போட்டுக் காட்டியிருக்கலாம்.

ஒருநாள் கான்பரன்ஸ் காலில் மும்பைக்காரர்கள், "லோக்கல் பிளேவர் பத்தலை" என்றார்கள். எனக்கு சந்தோஷம்தான். மறுவாரம் ஸ்கிரிப்ட் வந்தது. 'இன்னா நைனா', 'வா வாத்யாரே', நடுநடுவே ஒரு விசில். எங்கள் தெருவில் பாதி வீட்டில் நைனா என்றால் அப்பா. முகம் தெரியாத ஆளை மைக்கில் அப்பா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. எனக்கும் வீட்டில் அந்த பாஷைதான், ஆனால் மைக்குக்கு முன்னால் ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை. கேட்பவர்களும் கேட்டதில்லை. அவர்கள் கேட்டதெல்லாம் ரயில்வே கேட் திறந்ததா, எம்.கே.பி. நகரில் கரண்ட் எப்போ வரும் என்பதைத்தான்.

அதைச் சொல்லத் தடையும் இல்லை. தனியார் எப்.எம். சொந்தமாகச் செய்தி வாசிக்கக் கூடாது, ஆகாஷ்வாணி செய்தியை மாற்றாமல் அப்படியே போடலாம், அவ்வளவுதான். ஆனால் போக்குவரத்து, வானிலை, கரண்ட், தண்ணீர் இதெல்லாம் செய்திக் கணக்கில் வராது என்று 2011 கொள்கையிலேயே இருக்கிறது. சட்டம் விட்டுவைத்த அந்த ஓரத்தை நாங்களே அடைத்துக்கொண்டோம். இரவு ஷோவுக்கு ஆள் எதற்கு என்று லிங்க்கையெல்லாம் மத்தியானமே பதிவு செய்யச் சொன்னார்கள். நாலு மணிநேர ஷோவை அரைமணியில் பேசி முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். பொய் சொல்வானேன், முதல் மாசம் எனக்கும் அது சுகமாகத்தான் இருந்தது.

கார்த்திகையில் ஒருநாள் மத்தியானம் வெயில் பளிச்சென்று அடித்தது. "மொட்டை மாடில பாயைப் போட்டு நிலாவைப் பாத்துக்கிட்டே கேளுங்க" என்று பதிவு செய்துவிட்டு வந்தேன். ராத்திரி எட்டு மணிக்கு மழை பிடித்தது. பத்து மணிக்கு வியாசர்பாடி கணேசபுரம் சப்வே நிரம்பிவிட்டது.

மறுநாள் ஆபீஸுக்கு போன் வந்தது. கேட்டிலிருந்து அடிக்கடி பேசுகிற ஒரு ஆட்டோக்காரர். கோபம்கூட இல்லை, நிஜமாகவே விசாரித்தார். "முட்டி வரிக்கும் தண்ணில வண்டியத் தள்ளிக்கினு வரேன், நீ இன்னாடான்னா நிலாவப் பாருன்ற. நீ எந்த ஊர்ல தலைவா கீற?"

அவர் வண்டியைத் தள்ளிய நேரத்தில் நான் தண்டையார்பேட்டையில், அடுக்களைக்குள் புகுந்த தண்ணீரை வாளியால் இறைத்துக்கொண்டிருந்தேன். அலமாரி மேலிருந்த ரேடியோவில் என் குரல்தான் ஓடிக்கொண்டிருந்தது.