நடக்கிறாரா?

பக்கவாதம் வந்த அப்பாவைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது இதைத்தான். நடப்பதற்கு முன்னால் எத்தனை இருக்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை. கட்டில் விளிம்பில் சாயாமல் உட்கார வேண்டும். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ வேண்டும். அப்பாவின் உடலோ வலது காலை மட்டுமே நம்புகிறது. பிசியோதெரபிஸ்ட் விடுவதாக இல்லை. இணைக் கம்பிகளுக்கு நடுவே நிறுத்தி, "இடது காலிலும் பாரத்தைப் போடுங்கள், ஐயா" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். மூளையில் இறந்த செல்கள் திரும்பி வருவதில்லை. மிச்சமிருக்கும் பகுதிகள் அந்த வேலையைப் பழக வேண்டுமென்றால் திரும்பத் திரும்பச் செய்தாக வேண்டும். எண்ணெய் தடவிப் படுக்கவைத்தால் போதும் என்கிற உறவினர்களிடம் இதை விளக்கி எனக்கு வாய் வலிக்கிறது.

சமநிலையை அளக்க பெர்க் அளவுகோல் என்று ஒன்று உண்டு. 14 சோதனைகள், மொத்தம் 56 மதிப்பெண். கண்ணை மூடி நிற்பது, தரையில் கிடக்கும் செருப்பை எடுப்பது, ஒற்றைக் காலில் நிற்பது எல்லாம் அதில் வரும். வாத்தியாராக இருந்த மனிதர். மதிப்பெண் என்றதும் ரோசம் வந்துவிட்டது!

வீட்டில் இப்படி யாராவது இருந்தால், ஊன்றுகோலைப் பலவீனமான பக்கத்துக்கு எதிர்க் கையில் கொடுங்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில். குளியலறை வாசலில் கிடக்கும் கால்மிதியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.