மண்ணெண்ணெயில் ஓடிய யாழ்ப்பாணம்

யாழ்ப்பாணத்துக்கு இலங்கை அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடை என்றால் இப்போதைய பிள்ளைகளுக்கு முதலில் ஞாபகம் வருவது பட்டினி. அதுவும் இருந்ததுதான். ஆனால் 1990 ஜூனில் அரசாங்கத்துக்கும் புலிகளுக்கும் சண்டை மறுபடி மூண்டதிலிருந்து 1995 கடைசியில் இராணுவம் யாழ் நகரைப் பிடிக்கும் வரை, குடாநாட்டில் ஒரு வீட்டின் இரவையும் பகலையும் அளந்தது மண்ணெண்ணெய்ப் போத்தல். மின்சாரம் தொடக்கத்திலேயே போய்விட்டது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, உரம் எல்லாம் தடைப்பட்டியலில். புலிகளின் கைக்குப் போய்விடும் என்பது சொல்லப்பட்ட காரணம். பற்றரி கண்ணிவெடிக்கும் போகும், கிழவியின் டோர்ச்சுக்கும் போகும். பட்டியல் போட்டவர்கள் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. மண்ணெண்ணெய் மட்டும் சங்கக்கடையில் (கூட்டுறவுக் கடையில்) குடும்ப அட்டைக்குக் கொஞ்சம் அளந்து வரும். மிச்சம் தெருவோரத்தில், கொழும்பு விலையின் பல மடங்குக்கு, போத்தல் கணக்கில்.

அரிக்கன் லாம்பு எண்ணெய் குடிக்கும். அதனால் வந்தது ஜாம் போத்தல் விளக்கு. வாய் அகன்ற போத்தலைக் கழுவி ஈரமில்லாமல் காயவைத்து, அடியில் பஞ்சை அமத்தி, இரண்டு மூன்று கரண்டி எண்ணெய் விடவேண்டும். பஞ்சு ஊறினால் போதும், மேலே தேங்கக்கூடாது. சைக்கிள் ரியூபின் பழைய வால்வுக் கட்டைக்குள்ளால் திரியை இழுத்து, அதைக் கம்பியில் கட்டிப் போத்தலுக்குள் தொங்கவிட்டு, திரியின் மற்ற முனையைப் பஞ்சில் முட்டவிட்டால் சரி. சுடர் போத்தலுக்குள்ளேயே நிற்பதால் காற்றுக்கு அணையாது. திரியை உயர்த்தினால் வெளிச்சம் கூடாது, புகைதான் கூடும். போத்தலும் மூக்குத் துவாரமும் கரி. எண்ணெய் தேங்கி நின்றால் பஞ்சு முழுக்கப் பற்றும், கண்ணாடி வெடிக்கும். சூட்டோடு ஈரக்கை பட்டாலும் வெடிப்புத்தான். இந்த வெளிச்சத்தில் படித்துத்தான் ஒரு தலைமுறை ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எடுத்தது.

வாகனக் கதை இன்னும் சுவாரசியம். பெற்றோல் இஞ்சினில் மண்ணெண்ணெய் ஊற்றினால் குளிரில் ஸ்ராட் எடுக்காது. அது லேசில் ஆவியாகாது என்பதுதான் சிக்கல். இஞ்சின் சூடாகிவிட்டால் எரியும். ஆகவே ஒரு சின்னப் போத்தலில் பெற்றோல், அதிலிருந்து சேலைன் குழாய் ஒன்று, நேரே காபரேற்றருக்கு. சில துளி விட்டு மிதித்து, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். நிறுத்தும்போதும் கவனம் வேண்டும். காபரேற்றர்க் கோப்பையில் மண்ணெண்ணெய் தங்கினால் அடுத்த நாள் காலையில் அதைத் திறந்து வடிக்காமல் வண்டி அசையாது. வைத்தியசாலைக்கு ஆளைக் கொண்டுபோய் இறக்கியவர்கள் இஞ்சினை நிறுத்தாமலே நின்றது இதனால்தான்.

எல்லா இஞ்சினும் இதைத் தாங்காது. அமுக்கம் குறைந்த பழைய இஞ்சின்கள்தான் பொறுத்துக்கொண்டன: ஒஸ்ரின், மொரிஸ் மைனர், ஹொண்டா 50. புதிய இஞ்சின் உள்ளே டக்டக்கென்று தட்டத் தொடங்கும். அந்தத் தட்டலோடு ஏற்றத்தில் இழுத்தால் பிஸ்டனுக்குக் கேடு. பிளக்கில் கரி படியும், அடிக்கடி கழற்றி உரசவேண்டும். எரியாத எண்ணெய் றிங்குகளைத் தாண்டி இஞ்சின் ஒயிலுக்குள் இறங்கி அதைத் தண்ணியாக்கும். ஒயில் மட்டம் ஏறியிருப்பதைப் பார்த்து மகிழ்கிற ஆள் கொஞ்ச நாளில் கராஜில் நிற்பார். தோட்டக்காரரின் நீர் பம்ப் பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடவென்றே செய்தது என்பதால் அதில் தொல்லை இல்லை. ஆனால் வெங்காயத்துக்கு இறைக்கும் அளவுக்கு எண்ணெய் எங்கே? மூலையில் கிடந்த, கிணற்றில் கையால் இறைக்கும் துலாவை மறுபடி நிமிர்த்தினார்கள்.

றேடியோவுக்கு சைக்கிள் டைனமோ. சைக்கிளை ஸ்ராண்டில் விட்டு ஒருவர் மிதிக்க, மற்றவர்கள் பிபிசியின் தமிழோசை கேட்பார்கள். டைனமோவின் 6 வோல்ற் மாறுமின்னோட்டம் என்பதால் நான்கு டயோட்டும் ஒரு கப்பாசிற்றரும் இடையில் வேண்டும், இல்லாவிட்டால் செய்தியை விட உறுமல்தான் கேட்கும். பலர் விட்ட பிழை பல்பைக் கழற்றியது. மின்சாரம் மிச்சம் என்று நினைப்பு. சுமை குறைந்ததும் வோல்ற் எகிறி றேடியோ போய்விடும். பல்பு பக்கத்தில் எரியட்டும். அது றேடியோவுக்குக் காவல்.

சவர்க்காரத்துக்குப் பனம்பழம் இருந்தது. களியைப் பிசைந்து தோய்த்தால் உடுப்பு வெளுக்கும், ஆனால் கொடியில் காயும்போது மாடு வந்து சப்பிவிடும்.

அரசியல் என்று பார்த்தால் விசித்திரம் இதுதான். குண்டு போடுகிற அரசாங்கமே ஆசிரியருக்கும் தபாற்காரருக்கும் சம்பளம் அனுப்பியது. அரசாங்க அதிபர் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) இருந்தார், கிராம சேவகர் அட்டையில் கையெழுத்து வைத்தார், கொழும்பில் அச்சான வினாத்தாளில் பரீட்சை நடந்தது. சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் கொடி நின்றதால் பெரியாஸ்பத்திரி பாதுகாப்பு வலயம். தெருவில் இறங்கினால் காவல்துறை, வரி, நீதிமன்றம் எல்லாம் புலிகளுடையவை. இரண்டு அரசுக்கும் நடுவில் சனம் இரண்டுக்கும் கைகட்டி நின்றது. 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்களைச் சில மணித்தியாலத்துக்குள், அநேகமாக வெறுங்கையோடு, வெளியேற்றியதும் அந்தத் தெரு நிர்வாகம்தான். தடையைப் பற்றி எழுதுகிற நம்மவர்கள் பலர் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அவர்களின் இரும்புக்கடையும் தையற்கடையும் ஒரே நாளில் பூட்டியபோது ஊர் இழந்தது கடைகளை மட்டுமல்ல.

வெளியே போக வேண்டுமென்றால் முதலில் புலிகளின் பாஸ். அதற்குப் பிணை நிற்க ஆள் வேண்டும். தரைவழியான ஆனையிறவு மூடிக் கிடந்ததால் கடல்நீரேரியைக் கடக்கக் கிளாலியில் படகு ஏறவேண்டும். முன்னால் மோட்டார் பூட்டிய ஒன்று, பின்னால் கயிற்றில் தொடுத்த வள்ளங்கள். இருட்டில், வெளிச்சமே இல்லாமல். கடற்படை நாகதேவன்துறையில் இருந்தது. 1993 ஜனவரி 2 அன்று அந்த ஏரியில் பயணிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகும் சனம் ஏறியது, வேறு வழி இல்லாததால். கரை ஏறுவது பூநகரிப் பக்கம், பிறகு வன்னிக்குள்ளால் லொறியிலும் சைக்கிளிலும் வவுனியாவுக்குப் பக்கத்தில் இருக்கும் தாண்டிக்குளம். அங்கே இராணுவச் சோதனை. திரும்பி வரும்போதும் அதே மேசைதான்: பையைக் கவிழ்த்துக் கொட்டுவார்கள், உடுப்பையும் மருந்துத் துண்டையும் தள்ளிவிட்டு, பற்றரியை ஒரு பக்கமாக எடுத்து வைப்பார்கள்.