எங்கள் லைனுக்கு ஃபைபர் வந்த கதை

நீலகிரியில் பந்தலூர் பக்கம் லைன் வீடுகளில் (எஸ்டேட் தொழிலாளர்களுக்குக் கொடுத்த வரிசை வீடுகள்) இருக்கிறவர்கள் யாருக்காவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். கையில் மொபைல் இருக்கும்போது வீட்டுக்கு எதற்கு நெட் என்று எங்கள் லைனிலேயே கேட்டார்கள். எங்கள் பள்ளத்தில் போன் பாதி நேரம் வயநாட்டு டவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும். சிக்னல் வேண்டுமென்றால் தேயிலைக்காட்டு மேட்டுக்கு ஏற வேண்டும். யானை பயத்தில் பொழுது சாய்ந்தால் யாரும் போவதில்லை. ஒரு நாளைக்குக் கிடைக்கும் ஒன்றரை ஜிபியை பிளஸ் டூ படிக்கிற தங்கச்சியும் டிஎன்பிஎஸ்சி வகுப்பு பார்க்கிற நானும் பங்கு போட்டோம்.

ஊராட்சிகளுக்கு இணையம் கொடுக்கிற மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்தில், தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கேபிள் (ஃபைபர்) கொண்டுபோகிற பொறுப்பு மாநில அரசு நிறுவனமான டான்ஃபிநெட்டுடையது. ஊராட்சிக்கு வந்தால் ஊருக்கே வந்த மாதிரி என்பது மலைக்குக் கீழே சமவெளிக் கணக்கு. நீலகிரி மாவட்டம் முழுக்கவே ஊராட்சிகள் 35தான். ஒவ்வொன்றும் மலை மலையாகப் பரந்து கிடக்கிறது. பஞ்சாயத்து ஆபீசில் நெட் வந்தாலும் எங்கள் லைனுக்கு அது எட்டாது.

அதனால் பஜாரில் கேபிள் டிவி நடத்துகிற அண்ணனிடம் போனேன். அவர்தான் இப்போது ஃபைபரும் கொடுக்கிறார்.

“ஒரு வீட்டுக்காக அவ்வளவு தூரம் இழுத்தா எனக்குக் கட்டுபடியாகாதும்மா. எட்டு வீடு சேத்துட்டு வா.”

அவர் சொன்னது நியாயம்தான். ஒரே இழையை ஸ்பிளிட்டர் வைத்து 32 வீடு, 64 வீடு என்று பிரிக்கலாம். செலவெல்லாம் லைன் வரை வருகிற கேபிளில்தான். பத்து வீடு ஒரே சுவரில் ஒட்டிக்கொண்டிருப்பதால் எங்களுக்குக் கிடைத்த ஒரே லாபம் இது.

மாதம் 399 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 471. ஒரு நாள் கூலி அதில் போய்விடும். அதற்குக்கூட யாரும் தயங்கவில்லை. வீட்டில் வைக்கிற மோடம் பெட்டிக்கும் கேபிள் இழுப்புக்கூலிக்கும் முன்பணம் என்றதும்தான் பின்வாங்கினார்கள். மகளிர் குழுவில் உள்கடன் எடுத்து, சந்தாவோடு சேர்த்துத் தவணையாக அடைப்பது என்று பேசி முடித்தோம். பணம் முழுசாகக் கையில் வைத்துக்கொண்டு இதைத் தொடங்க வேண்டும் என்று நினைக்காதீர்கள்.

எஸ்டேட்டின் பெரிய ஆபீஸ்தான் கஷ்டம். கம்பம் நட எஸ்டேட் நிலம் வேண்டும். ஆபீஸ் கணக்குப் பார்க்கிற ரைட்டர் வெளிப்படையாகவே சொன்னார்: “வீட்டு வாசல் வரை கனெக்‌ஷன் கொடுத்தா, நாளைக்கு ரிட்டயர்டு ஆனப்புறம் வீட்டை விட மாட்டீங்க.” கடைசியில், இந்த இணைப்பை வைத்து வீட்டின் மேல் உரிமை கோரமாட்டோம் என்று எட்டு வீட்டாரும் கையெழுத்துப் போட்ட கடிதம் கொடுத்தோம். எனக்கு அந்த வரி பிடிக்கவே இல்லை. ஆனால் அது இல்லாமல் கம்பம் நட விட்டிருக்க மாட்டார்கள். விண்ணப்பத்தில் இன்னொரு சிக்கல்: எல்லார் ஆதாரிலும் எஸ்டேட் பெயர் மட்டும்தான், கதவு எண் கிடையாது. ரேஷன் கார்டில் லைன் நம்பர் இருந்ததால் தப்பித்தோம்.

இணைப்பு கொடுக்க வந்த தம்பி கேபிள் முனையை மீட்டரில் சொருகிக் காட்டினார். கேபிளில் வருகிற ஒளியின் அளவு மைனஸ் 24. “மைனஸ் 27-ஐத் தாண்டினா தகராறுக்கா, அதை மட்டும் கேட்டு வச்சுக்கங்க” என்றார். ஆடி மழையில் பெட்டியில் சிவப்பு லைட் எரிந்தபோது அந்த எண் உதவியது. நெட் வரவில்லை என்று மட்டும் சொல்லாமல், லைட் லெவல் பாருங்கள் என்று கேட்டேன். ஜாயின்ட் பாக்ஸுக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. கரண்ட் போனால் பெட்டியும் அணைந்துவிடும். சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் ஒன்று கட்டாயம் வாங்குங்கள், இங்கே மழைக்காலத்தில் கரண்டை நம்ப முடியாது.

லைனுக்குக் கீழே செக்‌ஷன் 17 நிலத்தில் சில வீடுகள் இருக்கின்றன. 1969-ஆம் வருஷத்து கூடலூர் ஜென்ம நிலச் சட்டத்தின் 17-ஆவது பிரிவில், உரிமை யாருக்கு என்று தீராமல் கிடக்கிற இடம் என்று அவர்களுக்கு இன்னும் மின் இணைப்பே கொடுக்கவில்லை. கேபிள் அவர்கள் வேலியை ஒட்டித்தான் போகிறது. கேபிள் அண்ணன் கொடுக்கத் தயார். பெட்டியைச் சொருகப் பிளக் இல்லை. முதலில் மின் இணைப்புக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.